மீன் ஏற்றிய ஜீப்பின் சேசிஸ்: வீட்டிலேயே துரு நீக்கிச் சில மழைக்காலம் ஓட்டிய பிறகு

கடற்கரை ஊரான உவரியிலிருந்து மீன் ஏற்றி ஓடிய வண்டியை வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசுகிறார்கள். அடியில் படுத்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவதே நல்லது. திடமான இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் சொத்தென்று கேட்கும். நான் வாங்கிய பழைய ஜீப்பில் பின்பட்டை (பின்சக்கர ஸ்பிரிங் பட்டை) மாட்டும் இடத்துக்கு மேலே சுத்தியல் முனை உள்ளேயே இறங்கியது. மீன் பெட்டிகளிலிருந்து உப்புநீர் ஒழுகிய இடம் அது. அதன்மேல் யாரோ தார்ப்பூச்சு அடித்திருந்தார்கள். வெளியே பளபளப்பான கறுப்பு. உள்ளே அப்பளமாக உரியும் துரு. விலை குறைந்தது, வாங்கிவிட்டேன்.

திசையன்விளையில் வீட்டு முற்றத்திலேயே வண்டியை ஸ்டாண்டு மேல் நிறுத்தி வேலை செய்தோம். முதல் வேலை கழுவுவது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதன்மேல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் கொப்பளிக்கும். எங்கள் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவிப் பயனில்லை. குழாயில் வரும் குடிநீரைப் பிடித்து வைத்துத்தான் கழுவினோம். அக்கம்பக்கத்தார் ஏசியது தனிக் கதை.

பேட்டரியைக் கழற்றி, டீசல் டேங்கையும் இறக்கிய பிறகே வெல்டிங். அரித்த இடத்தின்மேல் தகடு ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் துரு வளரும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் மூலை உருட்டிய தகட்டை வைத்தோம். வெல்டிங் செய்த அண்ணாச்சி, ஓட்டைக்குப் பக்கத்தில் நேர் குறுக்காக வெல்டிங் கோடு இழுத்தால் சேசிஸ் அங்கேயே விரிசல் விடும் என்று சொல்லி, சாய்வாகவே ஓட்டினார். செலவில் பெரும்பகுதி அவருடைய கூலிதான், தகும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகவே இல்லை. பதிவு 15 ஆண்டு முடிந்து, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

மற்ற இடங்களில் கம்பி பிரஷ் போட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினோம். குழிகளுக்குள் மிஞ்சிய துரு கறுத்து இறுகியது. அதன்மேல் எபாக்சி பிரைமர், பிறகு சேசிஸ் பெயிண்ட். கடைக்காரர் ரெட் ஆக்சைடு போதும் என்றார். அதற்கு மேல்பூச்சு இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். வாசல் கேட்டுக்கே அது நீடிப்பதில்லை.

உண்மையில் வண்டியைக் காப்பாற்றியது பெயிண்ட் அல்ல, மெழுகு. சேசிஸின் பெட்டி போல மூடிய பகுதிகளுக்குள் பிரஷ் போகாது. நீளக் குழாய் செருகி, மெழுகு ஸ்பிரே அடித்தோம். அதற்கு முன் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தபோது ஒரு சட்டி செம்மண் கொட்டியது. இந்தப் பக்கத்துச் செம்மணலான தேரி மண் ஈரத்தோடு உள்ளே தங்கினால் உப்புநீருக்குக் குறைந்ததல்ல.

2023 டிசம்பர் பெருமழையில் ஜீப் நெல்லையில் ஓர் உறவினர் வீட்டில் நின்றது. சக்கரம் பாதி முங்கியது. தண்ணீர் வடிந்ததும் துளைகள் வழியாகச் சேற்றைக் கழுவி, காயவிட்டு, மறுபடி மெழுகு அடித்தேன். இப்போதும் உள்ளே டார்ச் அடித்தால் எண்ணெய்ப் பசையுள்ள இரும்புதான் தெரிகிறது.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் மெழுகு இளகிச் சொட்டும். தரையில் கறை போகாது. வெளிப்பக்கம் தடவினால் மண் ஒட்டி அடை அடையாக நிற்கும். ஆடிக் காற்றுக் காலத்தில் சக்கரம் வாரி அடிக்கும் மணல், சக்கர வளைவுக்குப் பின்னால் பெயிண்ட்டை உரித்துவிடுகிறது. ஆண்டுதோறும் அங்கே தொட்டுப் பூச வேண்டியிருக்கிறது. தார்ப்பூச்சு இதைத் தாங்கும் என்பார்கள். தாங்கும்தான், ஆனால் விரிசல் விட்ட பிறகு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை மறைக்கும்.

வாட்டர் சர்வீஸ் விடும்போது துருவுக்கென்று அடியில் டீசல் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுப்போகும். நான்கு நாளில் டீசலும் காய்ந்துவிடும்.

இப்போது பின்பட்டைக்கு அருகே ஒரு வெல்டிங் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிகிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைச் சுரண்டி, சீலன்ட் வைத்துப் பூச வேண்டும்.