‘இலவச மெருகு’க்கு நகையைக் கொடுக்குமுன் எடை போட்டுக்கொள்ளுங்கள்

தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் பினாங்கில் மழை குறைந்து வெயில் ஏறிவிடும். இவ்வாண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போய்த் திரும்பியபோது, நான் அணிந்திருந்த அம்மாவின் சங்கிலியில் வியர்வையும் வெயிலுக்குப் பூசிய கிரீமும் படிந்து, கோதுமைப் பின்னலின் இடுக்குகளெல்லாம் மங்கிப்போயிருந்தன. வீட்டிலேயே கழுவியிருக்கலாம். அதைச் செய்யாமல், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ‘இலவச மெருகு’ என்று பலகை வைத்திருந்த ஒரு கடைக்குக் கொண்டு போனேன்.

கடைப்பையன் சங்கிலியையும், மரகதமும் நான்கு முத்துகளும் பதித்த பதக்கத்தையும் வாங்கிக்கொண்டு, “உள்ளே ஆசாரி இருக்கிறார், அரை மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா” என்றான். எடை போடவில்லை, நானும் கேட்கவில்லை. ரசீதில் ‘சங்கிலி 1, பதக்கம் 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பக் கிடைத்த சங்கிலி பளபளத்தது. வீட்டுக்கு வந்து அம்மா கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான், கொக்கியில் இருந்த 916 முத்திரை படிக்க முடியாத அளவுக்கு அழிந்திருப்பதும், பின்னலின் கூர்மையான விளிம்புகள் மழுங்கியிருப்பதும் தெரிந்தன. முத்துகள் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தன. மரகதத்துக்குள் முன்பு கண்ணில் படாத வெண்கோடுகள் தெரிந்தன. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஈராண்டுக்கு முன் இதே சங்கிலியை அடகு வைத்திருந்தோம். அந்தச் சீட்டின் நகலில் 32.40 கிராம் என்றிருந்தது. மறுநாள் வேறொரு கடையில் நிறுத்தபோது 31.15 கிராம்தான் இருந்தது.

மெருகு போட்ட கடையில் கேட்டதற்கு, “அழுக்கு போனால் எடை குறையத்தான் செய்யும்” என்றார்கள். அதே நாளில் நான் அணிந்திருந்த வளையலை நிறுத்து, வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, மீண்டும் நிறுத்துப் பார்த்தேன், வித்தியாசம் 0.01 கிராம். ஒன்றேகால் கிராம் அழுக்கைக் கழுத்தில் சுமந்துகொண்டு யாரும் தண்ணீர்மலை ஏறுவதில்லை.

உள்ளறையில் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகம் தங்கத்தையே கரைக்கக் கூடியது என்பதும், அப்படிக் கரைந்த தங்கத்தைத் திரவத்திலிருந்து பிரித்தெடுத்துவிடலாம் என்பதும் தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிந்தவை. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிடும். மரகதத்தின் இயற்கையான கீறல்கள் பெரும்பாலும் எண்ணெயால் நிரப்பப்பட்டிருக்கும். அமிலமோ, சூடான நீரோ, அதிர்வுக் கழுவு இயந்திரமோ அந்த எண்ணெயை வெளியேற்றிவிட்டால், மறைந்திருந்த கீறல்கள் வெளியே தெரியும். ஆகவே கல் வைத்த நகையையும் வெறும் சங்கிலியையும் ஒரே தொட்டியில் போடுகிற கடை, திருடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்த வேலை தெரியாத கடை.

916 தங்கத்தில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். வெயில் காலத்தில் அது மங்கித் தெரிவது பெரும்பாலும் மேலே படிந்த வியர்வை உப்பாலும் கிரீமாலும்தான். இளஞ்சூட்டு சோப்பு நீரும் மென்மையான பல்துலக்கியும் அதற்குப் போதும். முத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். வாசனைத் திரவியமும் கிரீமும் பூசி முடித்த பின்பே அணியுங்கள். பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பகுதி ஹோட்டல்களின் நீச்சல் குளத்தில் இறங்குமுன் நகைகளைக் கழற்றிவிடுங்கள். குளோரின் வெள்ளைத் தங்கத்தையும் பற்றவைத்த இடங்களையும் பலவீனப்படுத்தும்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் கண்ணெதிரே எடை போட்டு, இரண்டு தசமம் வரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முத்திரையையும் கற்களையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அங்கேயே இருங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டு செல்லலாம், விசாரணையில் வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதியில்லை. ஆனால் என் கையில் இருப்பவை ஈராண்டுப் பழைய அடகுச் சீட்டின் நகலும், எடை எழுதாத ஒரு ரசீதும்தான். அணிந்து தேய்ந்த தேய்மானம் என்று கடைக்காரர் வாதாடினால் அதை மறுக்க எனக்குத் தேவைப்படுவது, அன்று நான் கேட்காமல் விட்ட அந்த ஓர் எண்.