கடலோரத்துல தரைக்குக் கீழ அறை கட்டித் தர்றோம்னு வருவான், நம்பாதீங்க: 3,80,000 ரூபாய் போச்சு

முதல்ல கணக்கைச் சொல்லிடுறேன். 3,80,000 ரூபாய். அந்தக் காசு இப்போ ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளிப் பக்கம் ஒரு மணல் குழிக்குள்ள, ஒரு மூலையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற கான்கிரீட் தொட்டியாக் கிடக்கு.

பேர் போடல. சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஆன்லைன்ல பேக்கேஜ் போட்டு வீடு கட்டித் தர்ற கம்பெனி வகை. ஆப்ல ஸ்டேஜ் ஸ்டேஜாக் காசு கட்டினாத்தான் அடுத்த ஆள் சைட்டுக்கு வருவான்.

கூடுதலா ஒரு அறை வேணும். மாடியில எடுக்கிறதா, கீழ இறக்குறதா? மாடின்னா படிக்கட்டு, அதை மூட மேல ஹெட்ரூம், அப்புறம் வெயில். "கீழ போட்டா ஏசியே வேணாம் சார்"னான் அவங்க இன்ஜினியர். ஆவணி மாசம் மூணடிக்குக் குழி வெட்டி, அடி மண்ணை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில கொட்டினான். விரல் இடுக்குல பொலபொலன்னு உதிர்ந்துச்சு. "பாருங்க, ஈரமே இல்ல." அங்கதான் விழுந்தேன். அறை இறங்கப் போறது எட்டடிக்கு மேல, வெட்டின குழி மூணடி! அதுவும் ஆவணியில நிலத்தடி ஊத்து கீழதான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலதான் ஏறும். தெரிஞ்ச விஷயம்தான். ஆனா கண்ணு கையில இருந்த மண்ணு மேலயே இருந்துச்சு.

அறையோட வெளி அளவு 12க்கு 16 அடி. அடியில 8 இன்ச் ராஃப்ட் (அறை முழுக்கப் பரவுற கான்கிரீட் அடித்தளம்), சுத்தி 6 இன்ச் கான்கிரீட் சுவர், எட்டடி உயரம். எல்லாம் சேர்ந்து சுமார் 24 டன். மேல ஸ்லாப் போடல, சுவருக்கு வெளியில மண்ணும் தள்ளல. ராஃப்ட் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா, சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல தூக்கும். அஞ்சடி ஏறினா இந்த அறைக்கு 27 டன். அப்புறம் அது அறை இல்ல, வள்ளம். ஸ்லாப் போட்டு மேல வீட்டுப் பாரம் ஏறுற வரைக்கும் ராத்திரி பகலாத் தண்ணி இறைக்கணும். முடியலன்னா உள்ளேயும் தண்ணியை விட்டு நிரப்பி வைக்கணும். இவனுங்க வாடகை மிச்சம்னு சனிக்கிழமை மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. திங்கக்கிழமை பார்த்தா கிழக்கு மூலை நாலு இன்ச் மேல. அடியில மணல் புகுந்துருச்சு, இனி அது பழைய இடத்துல உக்காராது. ராஃப்டும் சுவரும் சேர்ற இடத்துல தண்ணி புகாமத் தடுக்குற வாட்டர் ஸ்டாப்பர் பட்டையே வைக்கல, வரிசையா உப்புத்தண்ணி கசியுது.

இன்னொண்ணு. கம்பிக்கு வெளியில கான்கிரீட் மூடுற கனத்துக்கு (கவர்) வைக்கிற கவர் பிளாக் 25 மில்லிமீட்டர், கொட்டேஷன்ல கான்கிரீட் தரம் எம்20 (எண் கூடினா பலம் கூடும்). கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கடலோரக் காத்துக்கே எம்30, 45 மில்லி கவர் கேக்குது. உப்பு ஊறின நிலத்தடித் தண்ணியில புதைஞ்சிருந்தா எம்35, 50 மில்லி.

அப்புறம் ஆரம்பிச்சுது போன் படலம். "டெக்னிக்கல் டீம் வந்து பார்க்கும் சார்." வரல. "மழை சார், அதுக்கு நாங்க என்ன பண்றது?" இன்னொருத்தன், "மண்ணைத் தள்ளினா லெவல் ஆயிடும்." கடைசியா வந்ததுதான் உச்சம். அக்ரிமென்ட்ல "பேஸ்மென்ட்டுக்கு 10 வருஷம் உத்தரவாதம்"னு இருக்கு. நம்ம ஊர்ல கொத்தனார்கிட்ட பேஸ்மென்ட்னு சொன்னா, தரைக்கு மேல எழுப்பி மண் ரொப்புற பேஸ்மட்டம். அதையே பிடிச்சுக்கிட்டான்: "அது தரைக்கு மேல இருக்கிற மூணடிக்குத்தான் சார்." காசு வாங்கும்போது பேஸ்மென்ட் கீழ இருந்துச்சு, கேக்கும்போது மேல ஏறிடுச்சு. 3,80,000க்குக் கையில இருக்கிறது ஒரு புகார் டிக்கெட் நம்பர்.

மாடி, நிலவறை ரெண்டையும் பத்தி விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கோவத்துல ஓடல. அவசரத்துக்கு இவ்வளவு:

நம்ம கரையில மாடிதான். அஸ்திவாரமும் தூணும் மேல்தளத்தையும் சேர்த்து டிசைன் பண்ணதான்னு டிராயிங்கை வாங்கிப் பாருங்க. பின்னாடி எடுத்துக்கலாம்னு நீட்டி விடுற தூண் கம்பியை அப்படியே விடாதீங்க, உப்பங்காத்துல செதில் செதிலா உரியும். சிமென்ட் கம்மியான கலவையால மூடி வச்சா அப்புறம் உடைச்சுக்கலாம்.

போர் தண்ணியை டெஸ்ட் பண்ணாம கலவைக்கு ஊத்த விடாதீங்க. கம்பி கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கடக்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

கீழதான் வேணும்னா சோதனைக் குழியைக் கார்த்திகையில வெட்டுங்க, அறை ஆழத்தையும் தாண்டி. அக்ரிமென்ட்ல "தரைமட்டத்துக்குக் கீழே இத்தனை அடி"ன்னு எழுதி வாங்குங்க.

வேலை முடியாம அடுத்த ஸ்டேஜுக்குக் காசு கட்டாதீங்க.

குழியோரம் மணல் சரிஞ்சு பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்கிட்ட வந்துருச்சு. மூட்டை அடுக்க ஆள் வந்திருக்கு, போறேன்.