108 ஊர்தியும் 48 மணி நேரச் சிகிச்சையும்: மன்னார்குடிப் பக்கத்து அனுபவம்

சென்ற ஐப்பசியில், சாலையோரம் குவித்துத் தார்ப்பாய் போர்த்தியிருந்த குறுவை நெல்லைச் சுற்றி வைத்த கருங்கல்லில் இரவு நேரத்தில் வண்டி மோதி, என் மைத்துனருக்குக் காலெலும்பு முறிந்தது. 108 ஊர்தி இருபது நிமிடத்தில் வந்தது. அதில் வந்த மருத்துவ உதவியாளர் அவசரப்பட்டுத் தூக்காமல், முதலில் கால் அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, அதன் பிறகே ஏற்றினார். அந்த நிதானத்தை நான் மறக்க மாட்டேன்.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. வெளிமாநிலத்தவருக்கும் இத்திட்டம் பொருந்தும் என்பது பெரிய விஷயம்.

குறை சிகிச்சையில் இல்லை, பதிவில் இருக்கிறது. மருத்துவமனையில் விபத்துக் காயங்களைக் குறிக்கும் ஏ.ஆர். பதிவேட்டில் ‘இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாக’ என்று மட்டும் எழுதினார்கள். நெல்லையும் கல்லையும் பற்றிச் சொன்னேன். அதற்குத் தனிக் கட்டம் இல்லை என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு முறிவு மட்டுமே இருந்தது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், காயத்தின் புறக்காரணத்தைக் குறிப்பதற்கென்றே வி01 முதல் ஒய்98 வரை குறியீடுகள் உள்ளன. காயம் எங்கே, எதனால், என்ன செய்துகொண்டிருந்தபோது ஏற்பட்டது என்பவற்றை வசதி குறைந்த மருத்துவமனையும் குறித்துவைக்க உதவும் வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே வெளியிட்டது.

நெல் போட்டவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறுவை அறுவடையோ மழையில் வருகிறது. ஊரில் போதிய உலர்களம் இல்லாதபோது தார்ச்சாலைதான் களமாகிறது. ஆகவே இந்த விபத்தைத் தடுக்கும் மருந்து மருத்துவமனையில் இல்லை, களத்தில் இருக்கிறது. எந்த ஊராட்சிக்கு முதலில் களம் வேண்டும் என்பதைக் காட்டக்கூடியது அந்த ஏ.ஆர். பதிவேடுதான்.

சிகிச்சைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன், பதிவுக்கு இரண்டுதான். களம் கேட்டுத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தபோது, அந்தச் சாலையில் இதுவரை எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு ஒருவரை மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.