பல்பு போகவில்லை, மற்றதெல்லாம் வேலை வைத்தது: 5 வருட எல்இடி ஹெட்லைட் அனுபவம்

2020 கடைசியில் கார் எடுக்கும்போது டாப் மாடலுக்குப் போனதே எல்இடி ஹெட்லைட்டுக்காகத்தான். அதற்கு முன் ஓட்டிய பழைய காரில் 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்பு. திடீரென்று ஒரு பக்கம் பல்பு போகும், வழியில் ஏதாவது ஸ்பேர்ஸ் கடையில் நிறுத்தி, சில நூறு ரூபாயில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இந்தக் காரில் 82,000 கிலோமீட்டர் ஓடியாச்சு, ஒரு எல்இடிகூட போகவில்லை. ஆனால் அதைச் சுற்றி இருப்பதெல்லாம் என்னிடம் நன்றாக வேலை வாங்கிவிட்டது.

முதலில் பனி படிந்தது. இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை, இடது பக்கக் கண்ணாடிக்குள் ஓரமாக ஆவி. சர்வீஸில் கேட்டால் "சார், இது நார்மல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பாதி உண்மைதான். ஹாலஜன் முன்பக்கமாகவே சூட்டைத் தள்ளும், அதனால் கண்ணாடி சீக்கிரம் காயும். எல்இடியின் சூடு பின்னால் இருக்கும் ஹீட் சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம் வழியாகப் போகிறது, கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். விளக்குக் கூட்டில் காற்று போய்வர வழியும் உண்டு. எனவே லேசான ஆவி வந்து, கொஞ்ச தூரம் ஓட்டினதும் கலைந்தால் விட்டுவிடலாம். மறு வருடம் வலது பக்கத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீரே அடியில் தேங்கி நின்றது, அது நார்மல் இல்லை. கழற்றிப் பார்த்தால் இண்டிகேட்டர் பல்பு மாற்றிய யாரோ பின்பக்க ரப்பர் மூடியைச் சரியாக உட்கார வைக்கவில்லை, உள்ளே ஓர் எறும்பு வேறு செத்துக் கிடந்தது.

அப்புறம் மஞ்சள். கண்ணாடி என்று சொன்னாலும் முன்னால் இருப்பது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், வெயில்தான் எதிரி. வீட்டு வாசலில் மேற்கு பார்த்து நிறுத்துவேன், நான்காம் வருடம் மேல் ஓரம் மங்கிவிட்டது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், பிறகு பழைய கதை. 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் யுவி தாங்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும், ஏனென்றால் தேய்க்கும்போது கம்பெனி கோட்டிங்கும் போய்விடுகிறது. இப்போது காரைத் திருப்பி நிறுத்துகிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் டிம் போட்டபிறகும் எதிரே வருகிறவர்கள் டிப்பர் அடித்தால் கோபப்படாமல் லெவலரைப் பாருங்கள். ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒரு குட்டிச் சக்கரம் இருக்குமே, அது. டிக்கி நிறைய அரிசி மூட்டை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி முன் விளக்கு வானத்தைப் பார்க்கும், எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். என் மச்சான் ஹாலஜன் கூட்டிலேயே வெளியில் வாங்கிய எல்இடி பல்பைச் செருகினான். அந்தக் கூட்டின் ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்தது, அதனால் வெளிச்சம் சிதறி எதிரில் இருப்பவன் கண்ணில்தான் போய் விழுந்தது, ரோட்டில் இல்லை.

குறையும் உண்டு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பனிமூட்டத்தில் இந்த வெள்ளை வெளிச்சம் சுவர் மாதிரி திரும்பி வரும். ஹைபீம் போட்டால் இன்னும் மோசம். டிம்மில் வைத்து, கீழே இருக்கும் ஃபாக் லாம்ப்பை நம்பித்தான் ஊர்ந்தேன்.

போன மாதம் ஒரு பைக் உரசியதில் வலது விளக்கின் மாட்டும் காது உடைந்துவிட்டது. வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் முழு செட்டும் மாற்றணும், 28,000 ரூபாய் என்றார்கள். பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிற ஒருவரிடம் 600 ரூபாயில் ஒட்டி வாங்கினேன். விளக்குக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி நிற்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்குத்தான் தினமும் கண்ணை உறுத்துகிறது.