கட்டில் முனை ஹேண்ட் ரப்: மருந்து தேறுகிறது, பம்ப் சறுக்குகிறது

கையில் தேய்த்துக் கிருமியைக் கொல்லும் ஆல்கஹால் திரவம் இது: 500 மில்லி பாட்டில், முழங்கையால் அழுத்தும் பம்ப், கட்டில் கம்பியில் மாட்ட ஒரு கொக்கி. உள்ளே 80 சதவீத எத்தனால், 1.45 சதவீத கிளிசரால், 0.125 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அதே கலவைதான். பெராக்சைடைக் கைக்கு என்று நினைக்க வேண்டாம். பாட்டிலுக்குள் தங்கிவிட்ட ஸ்போர்களை, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமிகளைக் கொல்லத்தான் அது.

எம்ஆர்எஸ்ஏ என்ற, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி உள்ள நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த கை, அதை அடுத்த கட்டிலுக்கோ வீட்டுக்கோ கொண்டுபோய்விடுமோ என்பதுதான் வார்டில் எல்லோருக்கும் உள்ள பயம். ஆன்டிபயாடிக்குக்கே மசியாதது ஆல்கஹாலுக்கா மசியப்போகிறது என்றும் சிலர் கேட்பார்கள். மசியும். ஆல்கஹால் கிருமியின் சவ்வை உடைத்துப் புரதத்தைக் குலைத்துவிடும். ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் தந்திரம் எதுவும் அங்கே பலிக்காது. கார்பபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிளெப்சியெல்லா கிருமியும் இதில் சாகும்.

சிக்கல் பம்பில். ஒரு அழுத்துக்கு ஒன்றரை மில்லிதான் வருகிறது. பத்து முறை அழுத்தி அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளங்கைக் குழி நிறைய, சுமார் 3 மில்லி வேண்டும். கை 20 முதல் 30 நொடி ஈரமாக இருக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் ஒரு தடவைதான் அழுத்துவார்கள். உள்ளங்கை நனையும், கட்டைவிரலும் நகக்கண்ணும் நனையாது. நோயாளியைத் தொடுவதோ அந்த விரல்நுனிதான். போதாததற்கு, கிளிசரால் காய்ந்து முனை அடைத்துக்கொண்டால் மருந்து பக்கவாட்டில் பீய்ச்சும். தினம் ஒரு முறை ஈரத்துணியால் முனையைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

லேபிள் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. 99.9 சதவீதம் கிருமி சாகும் என்று முகப்பில் கொட்டை எழுத்து. பத்து லட்சத்தில் ஆயிரம் மிஞ்சும் என்பதுதான் அதன் கணக்கு. பேதியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் ஸ்போர் ஆல்கஹாலில் சாகாது என்பதோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில். அந்தக் கிருமியால் பேதியுள்ள நோயாளியிடம் கையுறையோடுதான் போக வேண்டும். கழற்றியதும் சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 நொடி. கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தாலும் அப்படியே.

தோலுக்கு மோசமில்லை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு லேசாகப் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். தேய்த்த கையோடு சோப்பும் போடுகிறவர்களுக்குத்தான் தோல் வெடிக்கும். வெடித்த தோலில் ஸ்டாஃபைலோகாக்கஸ் சுகமாகக் குடியேறும். கை நன்றாகக் காய்ந்த பிறகே கையுறை. கழற்றிய பிறகு மறுபடி ஒரு தடவை ரப். கழற்றும்போது கையுறையின் வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசிவிடுவது சகஜம்.

வாங்கலாம். ஒரே அழுத்தில் 3 மில்லி தள்ளும் பம்பாகக் கேட்டு வாங்குங்கள். தீர்ந்த பாட்டிலில் மேலே ஊற்றி நிரப்ப வேண்டாம், புதியதை மாட்டுங்கள்.