தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிகளை மேலிருந்து பார்க்க எந்தத் தளம்?

ஏரியில் இப்போது தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கக் கூகுள் எர்த்தைத் திறப்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்கு அது சரியான இடமில்லை. அதில் இருப்பது சில மாதமோ சில வருடமோ பழைய படம். கூர்மைக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.

தண்ணீருக்கும் பயிருக்கும், ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் இணையதளமான கோப்பர்னிகஸ் பிரவுசர்தான் முதலிடம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை நம் மாவட்டங்களைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 புள்ளிதான் கிடைக்கும். தனி மாமரம் தெரியாது, தோப்பு தெரியும். ஊரைத் தேடி, சென்டினல்-2 எல்2ஏ-வை (காற்றுமண்டல மங்கலை நீக்கிய படம்) தேர்ந்து, தேதியைச் சொடுக்குங்கள். தேடலில் மேக அளவின் வரம்பை 20 சதவீதத்தில் கட்டிவைத்துவிட்டுப் படமே இல்லை என்று பலர் மூடிவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் சுமார் 110 கி.மீ.க்கு 110 கி.மீ. சதுரம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது. 60 வரை ஏற்றிப் பாருங்கள்; சேலம் பக்கம் மூடியிருந்தாலும் பாலக்கோடு தெளிவாக இருக்கலாம்.

2017 நவம்பர் இறுதியில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் மதகு உடைந்து தண்ணீர் வெளியேறியதே, அதற்கு முன்னும் பின்னும் மேகமில்லாத தேதிகளை எடுத்து ஒப்பீட்டுப் பகுதியில் போட்டால் நீர்விளிம்பு பின்வாங்கியதை அளந்தே பார்க்கலாம். தண்ணீரைப் பிரித்துக் காட்ட என்.டி.டபிள்யூ.ஐ. அடுக்கு இருக்கிறது. ஆனால் ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியை அது செடியாகவே கணக்கில் எடுக்கும். ஏரி சுருங்கிவிட்டதாகத் தோன்றும். மலை நிழலைத் தண்ணீர் என்று காட்டுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் இயல்பு நிறப் படத்துக்கு மாறிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் இதுவும் கைவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதுபோன்ற நாட்களில் மேகம் வழிவிடாது. அப்போது அதே தளத்தில் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்துக்குப் போங்கள். மேகத்தை ஊடுருவும், அமைதியான நீர் கருப்பாக விழும். காற்றில் அலையடித்தால் அதே நீர் வெளிறித் தெரியும். வழவழப்பான தார்ச்சாலையும் கருப்புதான்.

கூகுள் எர்த் புரோவின் பலம் கூர்மை. கிரானைட் குவாரியின் படிக்கட்டு வெட்டு, தோப்பில் மரங்களின் இடைவெளி, பண்ணைக்குட்டை எல்லாம் அதில்தான் தெரியும். கணினியில் இலவசம். கடிகாரக் குறியைத் தட்டினால் பழைய படங்கள் வரும். தேதி திரையின் அடியில் இருக்கும். நன்றாக நெருங்கிய பிறகே அதை நம்புங்கள். தூரத்தில் பார்க்கும்போது பல தேதிப் படங்களை ஒட்டுப்போட்டுத்தான் காட்டும். அளக்கும் முன் 'ஆர்' விசையைத் தட்டிச் சாய்வை நீக்குங்கள், இல்லையேல் மேட்டு நிலத்தில் கோடு தப்பும். ஒரு தேதிக்கும் இன்னொரு தேதிக்கும் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கும். வரப்புத் தகராறுக்கு இதை அச்செடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அங்கே பேசுவது புலப்படமும் சர்வேயரும்தான்.

ஓசூர் எப்படிப் பெருத்தது என்பதற்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். சென்டினல்-2 தொடங்கியதே 2015-இல். அதற்கு முந்தைய காலத்துக்கு 30 மீட்டர் படம் 1984 முதல் கிடைக்கிறது, எர்த் எக்ஸ்ப்ளோரர் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் இலவசம். ஒரு புள்ளி 22 சென்ட் என்பதால் ஊர் விரிவுக்குச் சரி, ஒரு வயலுக்குப் போதாது. ஏப்ரலை ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். மழைக்குப் பிந்தைய ஜனவரியோடு வைத்தால் காடு அழிந்ததாகவே கண்ணுக்குப் படும். 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட்-7 படத்தில் கோடு கோடாக வெற்றிடம் வரும். உங்கள் கணினிக் கோளாறு அல்ல. 2011 வரையிலான ஆண்டுகளுக்கு லேண்ட்சாட்-5 படத்தைத் தேடுங்கள்.

இஸ்ரோவின் வரைபடத் தளமான புவன் 2009-இல் வந்தது. படத்துக்காக அதைத் திறக்க வேண்டியதில்லை. நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்காகத் திறக்கலாம். 2005-06, 2011-12, 2015-16 என வரிசையாக இருக்கிறது. அளவு 1:50,000 என்பதால் தாலுகா அளவில் தரிசு எங்கே, தோட்டம் எங்கே என்று பார்க்க உதவும். சர்வே எண் அளவில் வேண்டாம்.