மாணவர்கள் தங்கும் வாடகை வீட்டுக்கு ஒரு புகை அலாரமும் ஒரு தீயணைப்பானும்: எட்டு மாத அனுபவம்

என் மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறான். இரண்டு ஆண்டுகள் கல்லூரி விடுதியில் இருந்துவிட்டு, இப்போது நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறான். அந்த வீட்டுக்காக நான் வாங்கிக் கொடுத்த இரண்டு பொருள்களின் மதிப்புரை இது. ஒன்று, பேட்டரியில் இயங்கும் புகை அலாரம். இணையத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். மற்றொன்று, இரண்டு கிலோ ஏபிசி பவுடர் (திடப்பொருள், எரியும் திரவம், எரிவாயு என்னும் மூவகைத் தீக்குமான தூள்) தீயணைப்பான். காந்திபுரத்தில் ஒரு கடையில் ஆயிரத்து எழுநூறு ரூபாய். நிறுவனப் பெயர்களைக் குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகள் பெரும்பாலும் அந்த வகைப் பொருளுக்கே உரியவை.

வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில், மதுரை கட்ராபாளையத்தில் உள்ள தனியார் மகளிர் விடுதியொன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பற்றிய தீயில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஊரெல்லாம் உறங்கும் நேரத்தில், அன்றாடம் கையாளும் ஒரு சாதனத்திலிருந்து வந்த தீ அது. பொங்கல் விடுமுறை முடிந்து மகனின் மூட்டை முடிச்சுகளைக் கொண்டுபோய் இறக்கிய அன்று, அந்த மாடி வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது. சமையலறையில் ஒரே சுவர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று போயிருந்தது. அதில் இண்டக்‌ஷன் அடுப்பும், குளிப்பதற்கு வெந்நீர் போடும் ஹீட்டர் ராடும் மாட்டப்பட்டிருந்தன. அடுப்பின் அடியில் 2000 வாட் என்று எழுதியிருந்தது, ராடில் 1500 வாட். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த பாக்ஸோ 6 ஆம்பியர் தாங்குவது. பிளக் துளையைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக், ஆப்பத்தின் ஓரம் போலப் பழுப்பேறியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ராடைக் கழற்றி அரைமணி நேரம் ஆகியும் சூடு முழுவதும் ஆறவில்லை. அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, அடுப்புக்கென்று தனியாக 16 ஆம்பியர் பிளக் போடச் செய்தேன். செலவு என்னுடையது. வாடகை வீட்டுக்கு நாம் ஏன் செய்ய வேண்டும் என்று என் மனைவி கேட்டார். உறங்கப்போவது நம் பிள்ளை என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

முதலில் அலாரம். இது ஒளியைக் கொண்டு புகையை உணரும் வகை. உள்ளே ஒரு சிறு இருட்டறையில் விளக்கொளி ஒரு பக்கமாகப் பாய்கிறது. அதை உணரும் கண் வேறு கோணத்தில் இருக்கிறது. புகைத் துகள் உள்ளே நுழைந்தால் ஒளி சிதறி அந்தக் கண்ணில் படுகிறது, உடனே அலாரம் அலறுகிறது. மெத்தை, தலையணை, வயர் உறை போன்றவை சுடர்விடாமல் கனன்று புகையும் தீயை இந்த வகை விரைவாகக் கண்டுகொள்ளும். மாணவர் அறைகளில் பெரும்பாலும் நிகழக்கூடியது அத்தகைய தீதான் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். உறங்குபவரைப் புகையின் நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், எழுப்பாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உறக்கத்தை இன்னும் ஆழமாக்கி, எழவே முடியாமல் செய்துவிடும். ஆகவே காதில் விழும் ஓசை ஒன்று வேண்டும். மூன்று மீட்டர் தொலைவில் 85 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தியபோது கீழ்வீட்டுப் பாட்டி வெளியே வந்து பார்த்தார்; ஓசையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டுவதில்தான் தொல்லை. உடன் வந்த இருபக்க ஒட்டுத் தாள், சுண்ணாம்பு அடித்த மேற்கூரையில் மூன்று நாள்கூட நிற்கவில்லை. சுண்ணாம்புத் தூளோடு பெயர்ந்து விழுந்தது. திருகாணி இறுகப் பிடிக்கத் துளைக்குள் செருகுவதற்கென உடன் வந்த பிளாஸ்டிக் பிளக்குகளும் தரமானவையல்ல. கான்கிரீட்டில் அடித்ததும் ஒன்று பிளந்துவிட்டது. துளையிட வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. குறிப்பேட்டில் தமிழ் ஒரு வரியும் இல்லை. எங்கே மாட்ட வேண்டும் என்பதைப் படங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான எச்சரிக்கையும் அதில் தெளிவாக இல்லை: மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டும், இல்லையென்றால் விசிறிக் காற்று புகையைக் கலைத்துவிடும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். தீ சமையலறையில்தான் தொடங்கும் என்று எண்ணி, அதன் வாசலுக்கு வெளியே மாட்டினேன். தோசைக் கல்லில் எண்ணெய் புகையும்போதெல்லாம் அது அலறியிருக்கிறது. பிப்ரவரியில் போனபோது அலாரத்தின் பச்சை விளக்கு மின்னவில்லை. அதிலிருந்த 9 வோல்ட் பேட்டரி புத்தக அலமாரியில், ஷேவிங் கிரீமுக்குப் பக்கத்தில் இருந்தது. பையன்களில் ஒருவன், “இன்டர்னல் எக்ஸாம் டைம் அங்கிள், படிக்க முடியலன்னு கழட்டி வச்சோம், திரும்பப் போட மறந்துட்டோம்” என்றான். அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. தவறான இடத்தில் மாட்டிய அலாரத்தை மனிதர் யாரும் அப்படித்தான் செய்வார்கள். சமையலறையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி, இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவிலுள்ள நடையில் மாற்றி மாட்டினேன். அதன் பிறகு பொய்யாக ஒலித்தது ஒரே முறைதான். கொசுவர்த்திச் சுருளை நேர் கீழே வைத்திருந்தார்கள். ஆனாலும், பேட்டரியைக் கழற்றவே முடியாதபடி உள்ளேயே வைத்து அடைத்து, பத்தாண்டு உழைக்கும் வகையும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், மாணவர் வீட்டுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். நான் வாங்கிய வகையை இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

இன்னொரு குறை, நான் சோதித்துப் பார்த்ததால் தெரியவந்தது. இரவு போலவே எல்லாவற்றையும் அமைத்தோம்: படுக்கையறைக் கதவுகளைச் சாத்தி, மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு, பையன்கள் படுத்துக்கொண்டார்கள். நடையில் நான் பொத்தானை அழுத்தினேன். பக்கத்து அறையில் இருவரும் எழுந்து வந்தார்கள். கடைசி அறையில் என் மகனுக்கு மெல்லிதாகக் கேட்டிருக்கிறது. காதில் இயர்போன் மாட்டியிருந்தவனுக்குக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து வைத்து உறங்கச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் சாத்திய கதவுதான் புகையையும் வெப்பத்தையும் சிறிது நேரமாவது தடுத்து நிறுத்தும். ஆகவே இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு ஓர் அலாரம் போதாது. அறைக்கு ஒன்று வேண்டும்.

இனி தீயணைப்பான். ஐஎஸ்ஐ முத்திரையும், தீயணைப்பான்களுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 15683-உம் உருளையில் இருக்கின்றன. அழுத்தமானியின் முள் எட்டு மாதமாகப் பச்சைப் பகுதியிலேயே நிற்கிறது. பொருளில் குறையில்லை. குறை, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கையில் இருக்கிறது. ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம் நடக்கும்போது எங்கள் அலுவலகத்துக்குத் தீயணைப்புத் துறையினர் வந்து செய்து காட்டுவார்கள். அங்கே நான் இதை ஒருமுறை இயக்கியிருக்கிறேன். ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, கைப்பிடியை அழுத்தினால் எட்டுப் பத்து நொடிகளில் உருளை காலியாகிவிடும். பழகாத கைக்கு அதில் பாதி நேரம் தடுமாற்றத்திலேயே போகும். குப்பைக்கூடை, திரைச்சீலை, மடிக்கணினி சார்ஜர் போன்ற சிறு தீக்கு இது போதும். கட்டில் முழுவதும் பற்றிவிட்டால் போதாது, அப்போது எல்லாரும் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் இதை அருகிலிருந்து அடிக்கவே கூடாது, வேகத்தில் எண்ணெய் சிதறும். அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூடுவதே முறை. பையன்களுக்கு நான் நான்கு முறை சொன்னது இதைத்தான், ஏனென்றால் ஐவரில் மூவர் தண்ணீர் ஊற்றுவோம் என்றார்கள். சிறிதளவு பயன்படுத்தினாலும் முழுவதும் மறு நிரப்பு செய்ய வேண்டும் என்பதைக் கடைக்காரர் தாமாகவே சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன்.

இந்த இரண்டையும் வாங்கி மாட்டிய பிறகுதான், இவற்றால் தீர்க்க முடியாத ஒன்று கண்ணில் பட்டது. மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதன் கீழ் இரும்புக் கதவு. இரவு பத்து மணிக்கு வீட்டு உரிமையாளர் வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைத் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். எல்லா ஜன்னல்களிலும் சுவரோடு பதித்த இரும்புக் கம்பி. படிக்கட்டின் அடியில் மின் மீட்டர் பெட்டி, அதை ஒட்டி மூன்று பைக்குகள். 2023 ஜூன் 15 அன்று தில்லி முகர்ஜி நகரில் பயிற்சி மையங்கள் இருந்த கட்டடத்தில் மீட்டர் இருந்த இடத்திலிருந்துதான் தீ தொடங்கியது. மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கயிற்றையும் கேபிளையும் பிடித்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கே ஜன்னல் வழியாக இறங்கவாவது முடிந்தது. இந்த வீட்டில் அதற்கும் வழியில்லை. அலாரம் தருவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டிருக்கவா அதை வாங்கினேன் என்று அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

உரிமையாளரிடம் பேசினேன். “திருட்டுப் பயங்க சார். போன மாசம் அடுத்த தெருவுல ரெண்டு வண்டி போயிருச்சுங்க” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. உள்ளிருந்தும் திறக்கும் பூட்டு ஒன்றை நானே வாங்கித் தருவதாகவும், ஒரு சாவி அவரிடமே இருக்கட்டும் என்றும் சொன்னேன்; இரண்டாம் முறை போனபோது ஒப்புக்கொண்டார். அவருடையது போக ஆறு சாவிகள் வெட்டினோம். ஐவருக்கும் ஆளுக்கொன்று, ஆறாவது, மாடி வாசலின் உட்புறம் ஓர் ஆணியில், சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்குகிறது. அந்தச் சாவியை யாரும் அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது என்று பையன்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மொட்டைமாடிக் கதவுக்கு இருந்த பூட்டும் எடுக்கப்பட்டு, உள்தாழ்ப்பாள் மட்டும் இருக்கிறது. பைக்குகள் இப்போது காம்பவுண்டுச் சுவரோரம் நிற்கின்றன. மீட்டர் பெட்டியைப் படிக்கட்டின் அடியிலிருந்து வெளிச் சுவருக்கு மாற்ற மின்வாரியத்தில் உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இன்னும் இசையவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் தீர்ப்பு இதுதான்: இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அலாரத்தை வாங்குங்கள், அதுவும் பேட்டரி அடைத்து வரும் வகையை. தீயணைப்பானைச் சமையலறைக்குள் வைக்காமல் வாசலுக்கருகே வையுங்கள், அடுப்பைத் தாண்டிப் போய் எடுக்கும்படி இருந்தால் பயனில்லை. பூட்டுக்கும் ஆறு சாவிக்கும் ஆன செலவு அறுநூறு ரூபாய். எட்டு மாதத்தில் நான் செய்த செலவுகளில் அதற்கே முழு மதிப்பெண் தருவேன். படுக்கையறைகளுக்கு இரண்டு புதிய அலாரங்கள் சொல்லியிருக்கிறேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு மகன் ஊருக்கு வருமுன் நானே போய் மாட்டப் போகிறேன். டிரில்லிங் மெஷினோடு திருகாணிக்கான நல்ல பிளக்குகளும் எடுத்து வைத்தாயிற்று.